இடது விங்கில் ஒரு பாடு

பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது எந்தக் கால் என்பது ரஞ்சித்குமாருக்கு மறந்துவிட்டிருந்தது. சுளுக்கு என்று போனில் அம்மாவிடம் சொன்னது வலது காலா, இடது காலா? கேரளத்திலிருந்து ரயிலேறி, சென்னையில் இறங்கி, பொன்னேரியில் பஸ் மாறி வந்த அத்தனை நேரமும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து என்னென்னவோ யோசித்தவனுக்கு இந்த ஒன்றை மட்டும் யோசிக்கத் தோன்றவில்லை. பொய் சொல்கிறவனுக்கு ஞாபகசக்தி வேண்டும் என்பார்கள். இவனுக்குப் பொய்யும் பழக்கமில்லை, அதற்கு வேண்டிய ஞாபகமும் இல்லை. ஆனது ஆகட்டும் என்று வலது காலை இழுத்து இழுத்து நடந்து ஷேர் ஆட்டோவில் ஏறினான். கோட்டைக்குப்பத்தில் இறங்கியதும் அவன் அம்மா ஜமுனா ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டு, குனிந்து, இடது கணுக்காலைத்தான் தொட்டுப் பார்த்தாள்.

"வீக்கமே இல்லியேடா."

"வடிஞ்சிடுச்சும்மா."

"அப்புறம் ஏன் அந்தக் கால இழுக்கற?"

"இந்தக் கால் மேல பாரம் போட்டுப் போட்டு அதுவும் வலிக்குது," என்றான். அவள் நம்பினாள். பெற்றவள் நம்புவதற்கென்றே பிறந்தவள். அன்று ராத்திரியே நல்லெண்ணெயைச் சூடாக்கி, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு காலுக்கும் தேய்த்துவிட்டாள். ஒரு நோவும் இல்லாத காலை அம்மா அந்தப் பாடு படுத்தி உருவிவிடும்போது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. வலிக்கிறதென்று நினைத்து அவள் இன்னும் மெதுவாகத் தேய்த்தாள்.

விஷயம் இதுதான். ரஞ்சித்குமார் கேரளத்தில் ஒரு இரண்டாம் நிலை கால்பந்து லீக் கிளப்பின் ஆட்டக்காரன். சம்பளம் வாங்கிக்கொண்டு பந்து உதைக்கிறவன் என்றால் கோட்டைக்குப்பத்தில் அவன்தான் முதல் ஆள். கழிமுகத்து மணலில் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்த பையன், பொன்னேரியில் ஒரு போட்டியில் யாரோ பார்த்து, சென்னையில் யாரோ சொல்லி, எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்தான். போன சீசன் முழுக்க ஊர் அவன் ஆட்டத்தை மீன் ஏலக்கூடத்துச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, ஒரு கல்லூரிப் பையனின் புரொஜெக்டரை வைத்துப் பார்த்தது. ஆட்டத்தை என்று சொல்வது தப்பு. பெஞ்சைப் பார்த்தது. கேமரா எப்போதாவது பெஞ்சு பக்கம் திரும்பும். ஓரத்தில் இவன் முகம் ஒரு விநாடி தெரியும். உடனே இங்கே விசில் பறக்கும். அதற்காகவே பொம்பளைகள் சோற்றுத் தட்டோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசி ஆட்டத்தில், முடிய இருபது நிமிஷம் இருக்கும்போது, கோச் திரும்பி இவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வேட்டித் திரையில் எல்லோரும் பார்த்தார்கள். ரஞ்சித்குமார் எழுந்தான். ஜெர்சியை இழுத்துவிட்டுக்கொண்டான். கோட்டோரம் போய் நின்றான். ஊரே எழுந்து நின்றது. பிறகு அவன் கோச்சின் காதருகே குனிந்து ஏதோ சொன்னான். கோச் அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். இவன் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டான். இவனுக்குப் பதிலாக ஒரு பையன் உள்ளே ஓடினான். "யார்ராது சைனாக்காரன்?" என்று யாரோ கேட்டார்கள். அந்தச் சைனாக்காரன் இடது ஓரமாகவே ஓடி, இரண்டு பேரை ஏமாற்றி, பந்தைக் கோல் முன்னால் தூக்கிப் போட, இன்னொருவன் தலையால் முட்டி ஜெயித்துவிட்டார்கள். கோட்டைக்குப்பத்தில் ஒருவரும் கைதட்டவில்லை.

அன்றைக்கே ஜமுனா போன் செய்தாள். "இன்னாடா ஆச்சு? ஏன் ஒக்காந்துட்ட?" அவன் வாயில் வந்தது சுளுக்கு. கிளப்பில் கேட்டவர்களுக்கும் அதே சுளுக்கு. கோச் மட்டும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் எல்லோரும் விடுமுறைக்குப் பெட்டி கட்டும்போது, "நினக்கு பசி இல்லடா. பசி இல்லாத்தவன் பந்து களிக்க வரக்கூடாது," என்று தமிழும் மலையாளமுமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நிஜத்தில் அவன் கோச்சின் காதில் சொன்னது ஒரே ஒரு வரி. "ரெமா ஃபர்ஸ்ட், சார்."

ரெமா மிசோரம் பையன். முழுப்பெயர் லால்ரெம்ருவாட்டா, அதைச் சொல்ல நாக்கு வளையாமல் எல்லோரும் ரெமா என்றார்கள். இரண்டு பேருக்கும் ஒரே அறை. மலையாளம் இருவருக்கும் தெரியாது, ஆளுக்குக் கொஞ்சம் இந்தி, கொஞ்சம் இங்கிலீஷ், மிச்சத்துக்குச் சிரிப்பு. ஜமுனா கட்டிக் கொடுத்த இறால் கருவாட்டை ஹாஸ்டலில் மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு திட்டியபோது, வறுத்துத் தா என்று கேட்டுத் தின்றவன் ரெமா ஒருவன்தான். ரஞ்சித்குமாருக்குக் காய்ச்சல் வந்து கிடந்த வாரத்தில் கஞ்சி வாங்கி வந்து ஊட்டாத குறையாகக் கொடுத்தவனும் அவன்தான். அவனும் இடது விங், இவனும் இடது விங்; மைதானத்தின் இடது ஓரம்தான் இருவருக்கும் இடம். அவன் கிளப்புக்கு வந்து ஒரு சீசன் ஆன பிறகுதான் இவன் வந்தான். அந்தப் பெஞ்சில் அவன் இவனைவிட அதிக நாள் உட்கார்ந்தவன். அன்றைக்கு இடது விங்குக்கு ஆள் மாற்றுகிறார்கள் என்றதும் ரெமா தனக்குத்தான் என்று மேல்சட்டையைக் கழற்றிவிட்டு நின்றான். கூப்பிட்டது இவன் பெயரை. ரெமா சட்டையை மறுபடி தலைவழியாக மாட்டிக்கொண்டான். அதைப் பார்த்த பிறகு இவன் கால் எப்படி உள்ளே போகும்?

கோட்டைக்குப்பத்தில் பிறந்தவனுக்குத்தான் இது புரியும். வெளியூர்க்காரர்களுக்குப் பாடு என்றால் கஷ்டம். இங்கே பாடு என்றால் முறை. ஏரியில் இறால் அதிகம் ஓடுகிற தண்ணீர் கொஞ்சம்தான். வலை கட்டுகிற வீடுகள் நிறைய. அதனால் வருஷத்துக்கொரு தரம் கூடி உட்கார்ந்து, சீட்டுக் குலுக்கி, எந்த நாள் எந்தத் தண்ணீர் யாருக்கு என்று முடிவுசெய்துவிடுவார்கள். அதற்குப் பிறகு ராஜாவே வந்தாலும் அடுத்தவன் பாட்டில் வலை போட முடியாது. பாடு உள்ளவன் படுத்த படுக்கையாகக் கிடந்தால்கூட, பக்கத்து வீட்டுக்காரன் அவனுக்காகப் போய் வலை கட்டிக் கொடுப்பான். இறால் நோயாளி வீட்டு வாசலுக்குத்தான் போகும். ரஞ்சித்குமார் வலைக்கூடையில் தூங்கி வளர்ந்தவன். முன்னால் காத்திருந்தவனைத் தாண்டிப் போவது திருட்டு என்பதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்கிற அளவுக்கு அது ஒரு விஷயமாகவே இங்கே இருந்ததில்லை. ஆனால் இதைக் கோச்சிடம் எந்த பாஷையில் சொல்வது? ரெமாவிடம் சொன்னால் அவன் கூசிப்போவான். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். ஆகவே சுளுக்கு.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சுளுக்கு என்பதை ஜமுனாவைத் தவிர யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. கடலுக்குத் தடைக்காலம்; கடலுக்குப் போகிற படகுகள் எல்லாம் மணலில் கிடந்தன; ஆண்கள் வலை பழுது பார்த்துக்கொண்டு வெறும் வாயை மென்றுகொண்டிருந்தார்கள். ரஞ்சித்குமார் நொண்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனால் பேச்சு நிற்கும், அவன் தாண்டியதும் தொடங்கும். கூடப் படித்த பையன்கள் ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டார்கள், ஞாயிற்றுக்கிழமைதான் கண்ணில் படுவார்கள். கிளப்பிலிருந்து அடுத்த சீசனுக்கு வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. போனை எடுத்து எடுத்துப் பார்த்தான். ரெமாவிடமிருந்து மட்டும் அவ்வப்போது ஏதாவது வரும். மலப்புரம் பக்கம் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிகளில் ஆடிக்கொண்டிருக்கிறேன், இங்கே கூட்டத்தைப் பார்த்தால் மிரண்டுவிடுவாய் என்று. மாலையில் யாரும் இல்லாத முகத்துவாரத்து மணல்மேட்டுக்குப் போய், சுற்றிப் பார்த்துவிட்டு, இழுக்காமல் ஒழுங்காக நடந்தான். ஒழுங்காக நடக்க ஒரு ஆளில்லாத இடம் தேட வேண்டியிருந்தது. அத்தனை பேர் இருக்கிற ஊரில் அவனோடு அவன் மட்டும்தான் இருந்தான்.

ஒருநாள் அவன் நைனா தேசப்பன் உதடு கிழிந்து வீட்டுக்கு வந்தார். பக்கத்துப் படகுக்காரர் ஏகாம்பரம் டீக்கடையில், "உன் புள்ளைக்குக் காலு சுளுக்கல, தொடைதான் நடுங்கிச்சு," என்றிருக்கிறார். தேசப்பன் டம்ளரை விட்டெறிய, ஏகாம்பரம் சட்டையைப் பிடிக்க, விலக்கிவிட வந்தவனின் முழங்கை இவர் வாயில் இடித்துவிட்டது. தேசப்பன் உதட்டைத் துடைத்துக்கொண்டே மகனிடம், "நாளான்னைக்கு நம்ம பாடு. வலை கட்டற குச்சியெல்லாம் பாக்கணும், வா," என்றார்.

"காலு நோவுற புள்ளைய எங்க இட்டுகினு போற?" என்று ஜமுனா கத்தினாள்.

"படகுல குந்திகினு வரட்டும்."

மத்தியான வெயிலில் கழி ஊன்றிப் போனார்கள். தெற்கே துறைமுகத்துக் கிரேன்கள் புகைபோல் தெரிந்தன. இடம் வந்ததும் தேசப்பன் கழியை விட்டுவிட்டு வெற்றிலையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். காற்றுக்குப் படகு நகர்ந்தது. ரஞ்சித்குமார் பழக்கத்தில் சட்டென்று தண்ணீரில் குதித்து, சேற்றில் இரண்டு காலையும் பதித்து, படகை இழுத்து நிறுத்தினான். நிறுத்திய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

தேசப்பன் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். கிழிந்த உதட்டில் சுண்ணாம்பு பட்டு முகம் சுளித்தார். "காலு நல்லாத்தான் கீது," என்றார்.

தண்ணீரில் நின்றபடியே அவன் எல்லாவற்றையும் சொன்னான். ரெமா காத்திருந்தது, மேல்சட்டையைக் கழற்றியது, திரும்ப மாட்டிக்கொண்டது, தான் சொன்ன அந்த ஒரு வரி. சொல்லி முடித்ததும் நைனா சிரிப்பார், இல்லாவிட்டால் அடிப்பார் என்று நினைத்தான். அவர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"அவன் உனக்கு முன்னால வந்தவனா?"

"ஆமா நைனா."

"அப்ப அவன் பாடுதானே அது. இதுல இன்னா தப்பு கீது? இதச் சொல்றதுக்கா இம்மா நாளு நொண்டிகினு கெடந்த?" கழியை எடுத்துப் படகில் ஒரு தட்டுத் தட்டினார். "பேமானிப் பசங்க, என் புள்ளையப் போயி பயந்தாங்கொள்ளினு சொன்னானுங்களே!"

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. தேசப்பன் வீடு வீடாகப் போய்ச் சொன்னார் என்றுதான் சொல்ல வேண்டும். சிரிப்பார்கள் என்று இவன் நினைத்தது எவ்வளவு தப்பு! ஏகாம்பரம் நேரே வீட்டுக்கு வந்து, ஒரு கூடை நண்டை ஜமுனாவிடம் கொடுத்துவிட்டு, "டேய் ரஞ்சி, நான் ஒரு லூசுடா, மன்சுல வச்சிக்காத," என்றார். குழாயடியில் பொம்பளைகள், "எங்க போனா இன்னா, நம்ம புள்ள நம்ம புள்ளதான்," என்றார்கள். அந்தச் சைனாக்காரன் சைனாக்காரன் இல்லை, நம் நாட்டுக்காரன்தான் என்று தேசப்பன் டீக்கடையில் பாடமே நடத்தினார். ஜமுனா மட்டும் ஒருநாள் முழுக்க மகனோடு பேசவில்லை. எண்ணெய் வீணானதற்குக் கோபம் என்றாள். ரஞ்சித்குமார் நிமிர்ந்து நடந்தான். எல்லோரும் மெச்சினார்கள். ஆனால் முகத்துவாரத்து மணலில் ஓடும்போது, மறுபடி ஒரு தரம் கூப்பிட்டால் அப்படிச் சொல்வேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டான். பதிலை முழுசாகக் கேட்காமல் இன்னும் வேகமாக ஓடினான். மெச்சுகிறவர்கள் யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. நொண்டிய நாட்களே தேவலை என்று தோன்றியது.

அவர்களுடைய பாடு வரும் நாள் வந்தது. வெயில் தாழ்ந்ததும் வலையை ஏற்றிக்கொண்டு போனார்கள். தேசப்பன் ஒரு முனையில் குச்சியோடு வலையைக் கட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி ஏகாம்பரமும் அவர் தம்பியும் தங்கள் தண்ணீரில் வேலையாக இருந்தார்கள். ரஞ்சித்குமார் படகில் நின்று வலையைப் பிரித்துக் கொடுத்தபோது போன் அடித்தது. கோச்.

அவர் நலம்கூடக் கேட்காமல் விஷயத்துக்கு வந்தார். ரெமாவுக்குச் செவன்ஸ் ஆட்டத்தில் முட்டி திரும்பிவிட்டது, ஆபரேஷன், பாதி சீசன் போய்விடும். தன்னை வைத்துக்கொள்ளச் சொல்லி அவன் கெஞ்சுகிறான், வந்துவிடுவேன் என்கிறான். கிளப் இடது விங்குக்கு ஒரு ஆளைத்தான் எடுக்கும். உன்னை எடுத்தால் அவனை விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். உனக்கு மனசில்லாவிட்டால் அவனுக்காகக் காத்திருக்கச் சொல்லி நான் பேசிப் பார்க்கிறேன். "ஒரு தடவைதான் கேப்பேன். அன்னிக்கு மாதிரி ரெமா ஃபர்ஸ்ட்னு சொல்லுவியோ? நினக்கு வேணுமா, வேண்டாமா?"

"எனக்கு வேணும், சார்."

யோசிக்கவே இல்லை. மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. அந்தக் குரல் தன்னிடமிருந்துதான் வந்ததா என்று அவனே திரும்பிப் பார்க்கிற மாதிரி நின்றான். எதிர்முனையில் கோச் சிரித்தார். "சபாஷ். இப்பத்தான் பசிக்குது," என்று சொல்லி வைத்துவிட்டார்.

"யாருடா?" என்றார் தேசப்பன், தண்ணீரிலிருந்து.

"கிளப்புல இருந்து, நைனா. அடுத்த சீசனுக்கு வரச் சொல்றாங்க. ஆடறதுக்கு."

தேசப்பனுக்கு முகமெல்லாம் பல். நீரை இரண்டு கையாலும் அள்ளி அடித்தார். "ஏ ஏகாம்பரம்!" என்று கூப்பிட வாயெடுத்தவர் நின்றார். "ஆமா, அந்தப் புள்ளயும் அதே எடந்தானே? அவன் இன்னா ஆனான்?"

பொய் சொல்லலாம். இனி ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு நடக்க அவனுக்குத் தெம்பில்லை. "முட்டி போயிடுச்சு நைனா. ஆபரேஷன்."

"அய்யய்யோ! பாவம்டா." தேசப்பன் கட்டிக்கொண்டிருந்த முடிச்சை விட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் கிடப்பது தன் அண்ணன் மகன்போல முகம் சுண்டிப்போயிற்று. சற்று யோசித்தார். பிறகு அந்த முகம் மெல்லத் தெளிந்தது. "அதுக்குத்தான் உன்னக் கூப்டுறாங்களா? அவன் பாட்ட அவனுக்குக் கட்டிக் குடுக்கறதுக்கு?"

ரஞ்சித்குமார் வாயைத் திறந்தான்.

"சரிதான். நீ போலன்னா வேற யாரு போவா? கூடவே இருந்தவன் நீதானே. அவன் எழுந்து வர்ற வரைக்கும் நல்லா ஆடு. வந்ததும் அவனாண்ட வுட்டுடு." பெருமை தாங்காமல் அவர் திரும்பி, வாயருகே கையைக் குவித்து, ஏரி முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "ஏகாம்பரம்! அந்தப் புள்ளைக்குக் காலு ஒடிஞ்சிடுச்சாம்! அவன் பாட்டுக்கு என் புள்ள போறான்!"

ஏகாம்பரம் நிமிர்ந்து பார்த்தார். அவர் தம்பியும் பார்த்தான். அதற்கு அப்பால், யார் யாரென்று தெரியாத தூரத்தில், இடுப்பளவு நீரில் நின்றிருந்த இன்னும் சிலர் பார்த்தார்கள். ஒவ்வொருவராகக் கையை உயர்த்தினார்கள்.

"பதிலுக்குக் கையத் தூக்கேன்டா," என்றார் தேசப்பன்.

அவன் கைகளில் வலை இருந்தது. நீரோட்டம் தொடங்கிவிட்டது; தேசப்பன் கட்டாமல் விட்ட முடிச்சுப் பக்கமாக வலை தண்ணீரில் உப்பி, அவன் விரல்களை இழுத்துக்கொண்டே போனது.